மினுக்கமும் மங்கலும்: இல்லத்தில் எதற்கு எந்தப் பூச்சு?

பொங்கலோ தீபாவளியோ அண்மித்துவிட்டால், அல்லது வீட்டில் ஒரு மங்கல காரியம் நிச்சயமாகிவிட்டால், நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, “இம்முறை என்ன நிறம் அடிப்பது?” என்பதே. இளநீலமா, பாலேட்டு நிறமா என்று குடும்பம் முழுவதும் கூடி ஆலோசிக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த வர்ண அட்டை கைக்குக் கை மாறுகிறது. நிறம் முடிவான பின்னர், “மற் வேண்டுமா, சில்க் வேண்டுமா, குளொஸ் வேண்டுமா?” என்று கடைக்காரர் வினவும்போதோ நம்மிற் பெரும்பாலோர் திகைத்து, “எது நல்லதோ அதைத் தாருங்கள்” என்று கூறிவிடுகிறோம். எது நல்லது என்பது, எங்கே பூசப்போகிறோம் என்பதைப் பொறுத்ததன்றோ!

நிறத்திலே பிழை நேர்ந்தால் சில நாட்களிற் கண் பழகிவிடும். மினுக்கத்திலே பிழை நேர்ந்தால் அது ஒவ்வொரு நாளும் நம்மைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும். ஒரிடத்திற் கண்ணைக் கூசச்செய்யும். வேறோரிடத்தில் அழுக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். பிறிதோரிடத்திற் காலை வழுக்கிவிடும். இவ்வுண்மையை எனக்கு முதலிற் கற்பித்தவன் பதினொரு வயது மாணவன் ஒருவன்.

கரும்பலகை கற்பித்த பாடம்

அது 2016 ஆம் ஆண்டு. அப்பொழுது நான் ஆறாந் தர மாணவர்க்குக் கணிதம் கற்பித்து வந்தேன். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று, வகுப்பறையின் பழைய கரும்பலகை கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருந்தது. வாயிற்கதவுக்குப் பூசி மிஞ்சிய கறுப்பு எனாமல் தீந்தையை வீணாக்காது பலகைக்கும் பூசியிருந்தார்கள். வகுப்பறை வாசலில் நின்று பார்த்த அனைவரும் அதன் அழகை மெச்சினோம்.

முதல் வரிசையின் இடது ஓரத்தில் ஒரு மாணவன் இருந்தான். அமைதியானவன். பாடசாலை தொடங்கிய அவ்வாரத்தில், பலகையிலிருந்து அவன் பார்த்தெழுதிய கணக்குகள் யாவும் பிழையாக இருந்தன. கழித்தற் குறியை விட்டுவிடுவான். 8 இருக்க வேண்டிய இடத்தில் 3 இருக்கும். மூன்று நாட்கள் அவனை எழுப்பி நிறுத்தி, கவனம் எங்கே போய்விட்டது என்று வகுப்பறிய ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானேயன்றி ஒரு வார்த்தை மறுமொழி கூறவில்லை.

நாலாம் நாள், பலகையில் உள்ளதை வாசிக்கும்படி அவனைப் பணித்தேன். அவன் உடலை ஒருபுறம் சாய்த்துச் சாய்த்து எதையோ தேடுவதைக் கண்டபோதுதான் எனக்குச் சந்தேகம் பிறந்தது. “ஏன் வளைகிறாய்?” என்றேன். “சேர், இஞ்சையிருந்து பாத்தால் வெளிச்சந்தான் தெரியுது, எழுத்துத் தெரியேல்லை” என்றான்.

நான் போய் அவனுடைய வாங்கில் அமர்ந்து பார்த்தேன். பலகையின் நடுவே, வலப்பக்கத்து யன்னல் தன் கம்பிகளோடு அப்படியே தோன்றிற்று. அந்த ஒளிக்குள்ளே நான் எழுதிய எழுத்துக்கள் மூழ்கிக் கிடந்தன. நான் நின்ற இடத்திலிருந்து பலகை அழகாக இருந்தது. அவன் இருந்த இடத்திலிருந்து அது குருடாக இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் அப்பலகையை ஈர அரத்தாளினாற் தேய்த்து, கரும்பலகைக்கென விற்கப்படும் மங்கற் பூச்சை இருமுறை பூசினோம். மினுக்கம் மறைந்தது, எழுத்து மீண்டது.

தீந்தையின் மினுக்கத்தைத் தீர்மானிக்க வேண்டிய இடம், விருந்தினர் வந்து நிற்கும் வாசலன்று. அங்கே நாள்தோறும் இருப்பவர், படுப்பவர், கழுவுபவர், நடப்பவர் ஆகியோரின் இடத்தில் இருந்தே அதைத் தீர்மானிக்க வேண்டும். இதனையே இக்கட்டுரையில் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

மினுக்கம் உண்டாவது எவ்வாறு?

எந்தத் தீந்தையிலும் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. நிறத்தையும் மறைக்கும் வலிமையையும் கொடுக்கும் பொடி ஒன்று. அப்பொடியை ஒன்றுசேர்த்துச் சுவரோடு ஒட்டிவைக்கும் பிணைபொருள் மற்றொன்று. பூசுவதற்கு இலகுவாக இவற்றைக் கரைத்துவைத்திருந்து, பின்னர் உலர்ந்து மறைந்துவிடும் திரவம் மூன்றாவது. இமல்ஷன் வகையில் அத்திரவம் நீர். எண்ணெய் எனாமல் வகையில் அது டேர்ப்பன்டைன் போன்ற கரைப்பான்.

பிணைபொருள் மிகுந்தும் பொடி குறைந்தும் இருந்தால், உலர்ந்த பூச்சின் மேற்பரப்பு நீர்ப்பரப்புப்போல ஒப்பரவாக இருக்கும். அதன்மீது விழும் ஒளி சிதறாது ஒரே திசையில் திரும்பும். அதுவே மினுக்கம். பொடி மிகுந்து பிணைபொருள் குறைந்தால், பொடியின் நுண்ணிய மணிகள் மேற்பரப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின்மீது படும் ஒளி நாலா திசைகளிலும் சிதறும். அதுவே மங்கல். அமைதியான குளத்தில் முகம் தெரிவதும், காற்றில் அலைந்த குளத்தில் தெரியாமற் போவதும் இந்த நியாயத்தினாலேயாம்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, மினுக்கமான பூச்சில் அழுக்கும் எண்ணெயும் உட்செல்ல வழி குறைவு. ஆதலால் அது கழுவத்தக்கது. இரண்டாவது, மங்கற் பூச்சு சுவரின் மேடுபள்ளங்களை மறைக்கும். மினுக்கப் பூச்சு அவற்றை ஊரறியக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, மங்கற் பூச்சில் நுண்ணிய துளைகள் உள்ளமையால் சுவரினுள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற ஓரளவு இடமுண்டு; முழு மினுக்கப் பூச்சோ போர்வைபோல மூடிக்கொள்ளும். ஒரு பூச்சின் நன்மையே மற்றோரிடத்தில் அதன் தீமையாகும் என்பது இதனாற் தெளிவாகும்.

கடைகளில் வழங்கும் பெயர்களையும் அறிந்துகொள்வது நன்று. மற் என்பது மங்கல். எக்ஷெல் என்பது முட்டையோட்டின் மேலுள்ளதுபோன்ற மிக மெல்லிய மினுக்கம். சாட்டின் அல்லது சில்க் என்பது பட்டுத் துணியின் மினுக்கம். செமி குளொஸ் என்பது அரை மினுக்கம். குளொஸ் என்பது முழு மினுக்கம். இவற்றை அளப்பதற்குக் கருவியும் உண்டு. மெருகிட்ட கறுப்புக் கண்ணாடித் தகட்டின் மினுக்கத்தை 100 எனக் கொண்டு, 60 பாகைக் கோணத்தில் ஒளியைச் செலுத்தி ஒப்பிடுவார்கள். வட அமெரிக்காவில் வழங்கும் தரப்படுத்தல் ஒன்றின்படி மங்கல் 5 க்கு மேற்படாது. முட்டையோட்டு மினுக்கம் 10 முதல் 25 வரை. சாட்டின் 20 முதல் 35 வரை. அரை மினுக்கம் 35 முதல் 70 வரை. முழு மினுக்கம் 70 க்கு மேல். எனினும் ஒரு நிறுவனத்தார் சில்க் என்பதை மற்றொருவர் சாட்டின் என்பர். ஆகையாற் பெயரை மட்டும் நம்பாது, பூசிக் காட்டிய மாதிரியைக் கண்ணாற் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

படுத்திருப்பவரின் கண்

முதலிலே தலைக்குமேல் உள்ள சீலிங்கைப் பார்ப்போம். அதனைக் கையாற் தொடுவார் எவருமிலர், கழுவுவாரும் அரியர். ஆனால் நோயுற்றுக் கட்டிலிற் கிடப்பவர் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது அதனையே. யன்னலால் வரும் ஒளி சீலிங்கின்மீது மிகச் சாய்வாகப் படும். அங்கே சிறிது மினுக்கம் இருந்தாலும் பலகைகளின் பொருத்துகள், ஆணித்தலைகள், அலை அலையான பூச்சுக்கள் யாவும் நிழலோடு எழுந்து நிற்கும். மின்குமிழின் ஒளியும் கண்ணிற் குத்தும். ஆதலால் சீலிங்குக்கு மங்கற் பூச்சே உரியது.

படுக்கையறை, முன்மண்டபம் ஆகியவற்றின் சுவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே விதி. நம் நாட்டில் மேசன்மார் கையாற் பூசி மட்டம் பிடித்த சுவர்கள் எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருந்தாலும் கண்ணாடித் தகடு ஆகமாட்டா. இரவில் மின்சூள் ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, ஒளி சுவர் வழியே ஓடும்படி பாருங்கள். பகலிற் கண்ணுக்குப் படாத குழிகளும் கரண்டித் தடங்களும் வெளிப்படும். அவை அதிகமானால் மங்கல். குறைவானால் முட்டையோட்டு மினுக்கம். இரண்டுக்கும் மேலே போக வேண்டாம். இவ்வறைகளுக்கு முழு மினுக்கம் பூச விரும்புவோர், அதற்குமுன் சுவர் முழுவதையும் நிரப்பி இட்டு, அரத்தாளினாற் தேய்த்து ஒப்பரவாக்குவதற்கான கூலியையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

மங்கற் பூச்சில் வேறொரு வசதியும் உண்டு. ஆணி அடித்த துவாரத்தை அடைத்து, அவ்விடத்துக்கு மட்டும் சிறிது பூசினால் ஒட்டுப்போட்டது எளிதிற் தெரியாது. மினுக்கச் சுவரில் அவ்வாறு செய்தால் அந்த ஒட்டு வைத்தியர் ஒட்டிய பிளாஸ்திரி போலத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அச்சுவர் முழுவதையும் மீளப் பூச நேரிடும். மற்றொன்றையும் நினைவிற் கொள்க: ஒரே நிறம் மங்கலிற் சற்று வெளிறியும், மினுக்கத்திற் சற்று ஆழ்ந்தும் தோன்றும். வர்ண அட்டையிற் கண்ட நிறம் சுவரில் வரவில்லையே என்று கடைக்காரரோடு வாதாடுவோர் இதனை அறிதல் நலம்.

கழுவுகிறவரின் கை

இனி, குசினிக்கு வருவோம். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், மஞ்சட் கறை, விறகடுப்பாயின் கரிப்புகை ஆகிய யாவும் அங்கே சுவரிற்தான் போய்ச் சேரும். அதைத் துடைப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. மங்கற் பூச்சில் எண்ணெய் பட்டால் அது உள்ளே ஊறிவிடும். தேய்க்கத் தேய்க்கக் கறை அகலாமற் போவதோடு, தேய்த்த இடம் மட்டும் மெருகேறிப் பளபளக்கத் தொடங்கும். ஆகையால் குசினிச் சுவருக்கு, சிறப்பாக அடுப்புக்கும் கை கழுவும் தொட்டிக்கும் அண்மையில், அரை மினுக்கமே தகுந்தது. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தாற் போதும். பழைய குசினிச் சுவருக்குப் பூசுமுன் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவிவிடுதல் அவசியம். எண்ணெயின்மேல் எந்தத் தீந்தையும் ஒட்டாது.

சுவாமி அறையில் விளக்கின் பின்னாலுள்ள சுவருக்கும் இதே நியாயம் பொருந்தும். விளக்குப் புகையும் கர்ப்பூரப் புகையும் படியும் அவ்விடம் மங்கலாக இருந்தால், துடைக்கும்போது கரி தேய்ந்து பரவும். அரை மினுக்கமாக இருந்தால் வழித்தெடுத்துவிடலாம்.

குளியலறையிலும் அரை மினுக்கமே ஏற்றது. ஆனால் மினுக்கம் ஒன்றே பூஞ்சணத்தைத் தடுத்துவிடும் என்று எண்ணற்க. பூஞ்சணம் வளர்வது ஈரத்தாலும் காற்றோட்டக் குறைவாலும். பூஞ்சண எதிர்ப்பு மருந்து கலந்த பூச்சை வாங்கினாலும், காற்றுப் போக ஒரு துவாரமில்லாத குளியலறையில் அது நெடுநாள் தாங்காது. பணத்தைத் தீந்தைக்குச் செலவிடுமுன் யன்னலைத் திறந்து வையுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரம் வரை சுவர் அவர்களுடைய ஆட்சிக்கு உட்பட்டது. கைத்தடம், வர்ணக் குச்சி, துவிச்சக்கரவண்டியின் பிடி எல்லாம் அங்கேதான். மின் ஆளிகளைச் சுற்றியுள்ள இடமும் அவ்வாறே. இங்கே சாட்டின் நன்று. நம்முடைய பழைய பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் இடுப்பளவு உயரத்துக்கு எண்ணெய்த் தீந்தையும், அதற்குமேல் வெள்ளையும் பூசியிருந்ததைப் பலர் பார்த்திருப்பர். அது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. கை படும் பாதியைக் கழுவவும், கண் படும் பாதி கூசாதிருக்கவும் செய்த ஏற்பாடு. இன்றும் நீண்ட ஓடைக்கும் மாடிப்படிச் சுவருக்கும் அம்முறை மிகப் பொருத்தமானது. இக்காலத்திற் கழுவத்தக்க மங்கற் பூச்சுகளும் விற்பனைக்கு வந்துள்ளன. விலை சற்று அதிகமாயினும், சுவர் மேடுபள்ளமாகவும் குழந்தைகள் குறும்பராகவும் உள்ள வீட்டுக்கு அவை உதவும்.

திறந்து மூடுகிறவரின் விரல்

கதவு, யன்னல், நிலை ஆகியவை நாள்தோறும் பலமுறை கை படுவன. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி ஊதுவன. இவற்றுக்கு அரை மினுக்கமோ முழு மினுக்கமோதான் பாதுகாப்பு. முழு மினுக்க எனாமலின் கடினமான மேற்பரப்பு விரலெண்ணெயையும் மழைத்துளியையும் வழியவிட்டுவிடும். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பூசாது விடுவது நம் தொழிலாளர் பலரின் வழக்கம். மரம் பெரும்பாலும் நீரைக் குடிப்பது அவ்விரு வெட்டுமுனைகளாலேயே. கூட நின்று அவற்றையும் பூசுவித்துக்கொள்க. பூச்சு நன்றாக இறுகுமுன் கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொண்டு உரியும். ஆகையால் திறந்தபடியே உலரவிடுதல் வேண்டும்.

பழைய மினுக்கப் பூச்சின்மேல் நேரே புதுப் பூச்சை அடித்தால் அது பற்றாது. சில மாதங்களிற் தோலாக உரியும். அரத்தாளினாற் தேய்த்து மினுக்கத்தைக் கெடுத்த பின்னரே பூச வேண்டும். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன்னர் பூசப்பட்ட எண்ணெய்த் தீந்தைகளில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை உலர்ந்தபடி தேய்த்து எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைவிக்கும். பழைய வீட்டின் கதவுகளை நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். வாயையும் மூக்கையும் காக்கும் கவசம் அணிய வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அவ்விடத்துக்கு வரவிடலாகாது. புதிதாக வாங்கும்போது ஈயம் சேராதது என்று பேணியிற் குறித்திருக்கிறதா எனப் பாருங்கள்.

கடற்காற்று வீசும் ஊர்களில் யன்னற் கம்பிகள் உப்பினால் விரைவிற் துருப்பிடிக்கும். துருவைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, துரு எதிர்ப்பு முதற்பூச்சை இட்டு, அதன்மேல் முழு மினுக்க எனாமலைப் பூசுதல் முறை. இங்கே மங்கற் பூச்சு உதவாது. அதன் துளைகளில் உப்பும் ஈரமும் தங்கும்.

நடப்பவரின் கால்

2018 ஆம் ஆண்டு எங்கள் இல்லத்தில் ஒரு திருமணம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வரவிருந்தமையால் வீடு பிரகாசமாக இருக்க வேண்டும் என்று நானே முன்னின்று, விறாந்தையின் சீமெந்துத் தரைக்கு முழு மினுக்கச் சிவப்புப் பூச்சை அடிப்பித்தேன். வந்தவர்கள் எல்லோரும் மெச்சினர். கரும்பலகைப் பாடம் கற்று இரண்டே ஆண்டுகளில் அதனை நான் மறந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

திருமணத்தின் பின்னர் என் தாயார் விறாந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் காலையும் மாலையும் அங்கே வந்து அமர்ந்து, தெருவாற் போவோரோடு உரையாடுவது அவருடைய வழக்கம். வயது காரணமாகச் சோர்ந்துவிட்டார் என்றே நாங்கள் எண்ணினோம். ஒருநாள் வாசற்படியில் நின்றபடி அவர் என்னை அழைத்து, “தம்பி, விறாந்தையிலை தண்ணி நிக்குது போலை கிடக்கு, ஆரும் துடைச்சுவிடுங்கோ” என்றார். தரையில் ஒரு சொட்டு நீரும் இல்லை. அவருடைய கண்களிற் புரை படர்ந்திருந்தது. புரை படர்ந்த கண்ணுக்குக் கூசும் ஒளி பல மடங்கு துன்பம் தரும். முற்றத்து வெயில் அந்தத் தரையிற் பட்டுத் திரும்புவது அவருக்குத் தேங்கி நின்ற நீராகத் தோன்றியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அவர் தம் மாலைப்பொழுதை இழந்து அறைக்குள் இருந்திருக்கிறார். எமக்குக் குறை கூறக்கூடாது என்று வாய் திறக்கவும் இல்லை.

அந்தத் தரையைத் தேய்த்து, நுண்மணல் தூவிய மென்மினுக்கப் பூச்சை இட்டோம். மூன்றாம் நாள் அவர் தம் கதிரையை விறாந்தைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

ஆகவே, முதியோர் உள்ள வீட்டிலே தரைக்கும் படிக்கட்டுக்கும் முழு மினுக்கம் வேண்டவே வேண்டாம். நனைந்தால் வழுக்கும் என்பது யாவரும் அறிந்தது. நனையாதபோதும் அது நனைந்ததுபோலத் தோன்றி அச்சுறுத்தும் என்பதே பலர் அறியாதது. படிகளின் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு கோடு இடுதல் பெருந்துணையாகும்.

சுவரின் சம்மதம்

எவ்வளவு ஆராய்ந்து வாங்கிய பூச்சாயினும் சுவர் ஈரமாக இருந்தால் நிலைக்காது. இதில் நம் வடபகுதி மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வடகீழ்ப் பருவமழை நமக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. தீபாவளி அம்மழையின் தொடக்கத்தில் வருகிறது. பொங்கல் அதன் முடிவில் வருகிறது. வீட்டைப் புதுப்பிக்க நாம் தேர்ந்துகொண்ட இரு காலங்களும் சுவர்கள் ஈரமாக இருக்கும் காலங்களே.

அப்படியானால் நம் முன்னோர் அறியாதவரா? அல்லர். அவர்கள் பூசியது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகுவது. அதற்குச் சிறிது ஈரம் இருப்பது உதவியேயன்றித் தடையன்று. சுவரினுள் இருக்கும் ஈரத்தையும் அது வெளியே விடும். நாற்சார் வீடுகளின் தடித்த சுவர்கள் அவ்வாறே மூச்சுவிட்டு வந்தன. நாம் பொருளை மாற்றிக்கொண்டோம், காலத்தை மாற்றவில்லை. மார்கழி ஈரத்தின்மேல் மினுக்கப் பூச்சை அடித்து மூடினால், வெயில் ஏறும் பங்குனியில் அந்த ஈரம் வெளிவர வழியின்றிக் கொப்புளமாக எழும். பொங்கலுக்கு வெளிச்சுவரைக் கழுவி, கதவுகளைத் துடைத்து, மாக்கோலம் இட்டாற் போதும். தீந்தை வேலையை மாசி, பங்குனி மாதங்களுக்குத் தள்ளிவைத்தல் சிக்கனமாகும்.

சுவர் காய்ந்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஓரடிச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவையுங்கள். உட்புறத்தில் நீர்த்துளிகள் கண்டால் அல்லது சுவர் கறுத்திருந்தால், இன்னும் பொறுத்திருக்க வேண்டும். புதிய சீமெந்துப் பூச்சாயின் குறைந்தது 28 நாட்கள், மழைக்காலமாயின் இன்னும் கூடுதலாகக் காயவிடுதல் வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் எண்ணெய்த் தீந்தையைத் தாக்கி அதனைச் சவர்க்காரம்போல ஆக்கிவிடும். பழைய சுண்ணாம்புச் சுவராயின் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மா ஒட்டினால் அதனைச் சுரண்டி அகற்றி, முதற்பூச்சு இட்ட பின்னரே இமல்ஷன் பூசலாம்.

வெளிச்சுவருக்கு, வெயிலையும் மழையையும் தாங்குமாறு செய்யப்பட்ட வெளிப்புற இமல்ஷனை மங்கலாகவோ மென்மினுக்கமாகவோ தேர்ந்துகொள்க. நண்பகல் வெயிலில் முழு மினுக்கச் சுவர் அயலவர் கண்ணையும் கூசச்செய்யும்.

வாங்குமுன் ஒரு கணக்கு

ஆசிரியன் எழுதும் கட்டுரை ஆகையால் ஒரு கணக்கோடு முடிப்பது பொருந்தும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். நாற்புறச் சுற்றளவு 44 அடி. சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு யன்னல்களுக்கு 32 எனக் கழித்தால் மிஞ்சுவது 387 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 36 சதுர மீற்றர். இருமுறை பூசுவதற்கு 72. ஒப்பரவான சுவரில் ஒரு லீற்றர் ஏறத்தாழ 10 சதுர மீற்றருக்குப் போதும் எனக் கொண்டால் 7.2 லீற்றர் வேண்டும். கரடுமுரடான சுவர் கூடுதலாகக் குடிக்கும். பேணியில் அச்சிட்டுள்ள அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்க.

முழுத் தொகையையும் வாங்குமுன், மிகச் சிறிய பேணி ஒன்றை வாங்கி, ஓர் அட்டையில் இருமுறை பூசி உலரவிடுங்கள். அதனைப் பூச இருக்கும் இடத்திலேயே சாத்திவைத்து, காலையிலும் நண்பகலிலும் இரவு மின்குமிழின் ஒளியிலும் பாருங்கள். அவ்வாறு பார்க்கும்போது நீங்கள் மட்டும் வாசலில் நின்று பார்க்க வேண்டாம். பாட்டியாரின் கட்டிலில் இருந்து பாருங்கள். குழந்தை படிக்கும் மேசையில் இருந்து பாருங்கள். குசினியில் நிற்பவரை அழைத்து, “இதைக் கழுவுவது உங்களுக்கு இலகுவா?” என்று கேளுங்கள்.

வீட்டிலே குறை சொல்லத் தெரியாதவர்கள் சிலர் எப்பொழுதும் இருப்பார்கள். கண்ணுக்குக் கூசினாலும், காலுக்கு வழுக்கினாலும் அவர்கள் வாய் திறப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அல்லது அறைக்குள் இருந்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திராது, அவர்களின் இடத்திற் போய் ஒருமுறை அமர்ந்து பார்ப்பது நம் கடமை. எந்தச் சுவருக்கு எவ்வளவு மினுக்கம் வேண்டும் என்பது அங்கே இருந்து பார்த்தால் தானாகவே தெரிந்துவிடும்.